அம்போயா

ஸ்பெயினில் லோக்ரோன்யோ ஊருக்கு நான் வந்தது ஒரு ஏப்ரல் மாதம். திருச்சியில் செருப்புக்கே பழகிய கால். குளிருக்குப் பயந்து தோல் ஷூ வாங்கி, முதல் நாளே அதில் வேலைக்கு நடந்து போனேன். சாயங்காலம் வலது குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம்.

பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்துக்கடைக்கு நொண்டியபடி போனேன். கடைக்கார அம்மா என் காலைப் பார்த்துவிட்டு "அம்போயா" என்றார். எனக்கு பகீரென்றது. ஊரில் நாலு வருடம் மருந்துக்கடையில் நின்றவள் நான். ஆம்ப்யூல் என்றால் கழுத்தை உடைத்து, ஊசியில் மருந்தை ஏற்றும் கண்ணாடிக் குப்பிதானே? கொப்புளத்துக்கு எதற்கு ஊசி? அவர் என் குதிகாலுக்கு நேராக விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். அப்போதுதான் புரிந்தது: குப்பிக்கும் அந்தச் சொல்தான், கொப்புளத்துக்கும் அதே சொல்தான். லத்தீனில் 'அம்புல்லா' என்பது வயிறு உப்பிய சின்னக் குடுவை. இரண்டும் அதிலிருந்து வந்தவை. உள்ளே நீரை வைத்துக்கொண்டு உப்பி நிற்பதில் இரண்டும் ஒன்றுதானே.

"நோ லா பின்ச்செஸ்" என்று இரண்டு தடவை சொல்லி, மேலே ஒட்டும் பட்டை ஒன்றைக் கொடுத்தார். குத்தி உடைக்காதே என்று அர்த்தம். மேல்தோல் கிழியாமல் இருந்தால் கிருமி உள்ளே போகாது.

அதே சொல் மறுபடி காதில் விழுந்தது எங்கள் கட்டட வாசலில். லிஃப்ட் பழுதுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் கேட்டு ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். அதை இங்கே 'தெர்ராமா' என்பார்கள். மூன்றாம் மாடித் தாத்தா அதைப் படித்துவிட்டு, "எஸ்தோ வா அ லெவந்தார் அம்போயாஸ்" என்றார். இது கொப்புளங்களைக் கிளப்பப் போகிறது! லிஃப்டில் ஏறாத தரைத்தள வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதற்குப் பிறகு செய்தியிலும் அடிக்கடி கேட்டேன். அமைச்சர் பேச்சு, புதுச் சட்டம், எதுவானாலும் பலரை உறுத்தி எரிச்சல் மூட்டினால் அம்போயாதான். நாம் 'மனம் புண்பட்டது' என்போம், ஆனால் அது உள்ளே இறங்குகிற வலி. இவர்கள் சொல்வது மேலே உரசி உரசி எழும்புவது. எனக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பிடித்துவிட்டது.

லோக்ரோன்யோ, சாந்தியாகோ என்ற கிறிஸ்தவப் புனிதத் தலத்துக்குப் போகும் யாத்திரைப் பாதையில் இருக்கிற ஊர். பிரெஞ்சு எல்லைப் பக்கமிருந்து சாந்தியாகோ வரை ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நடப்பவர்கள், ஒரு வாரம் போல நடந்து எங்கள் ஊரின் கல் பாலத்தைத் தாண்டுவார்கள். பழனிப் பாதயாத்திரைக்காரர்களின் அதே நடை, அதே நொண்டல்.

போன வாரம் பாலத்தருகே ஒரு பெண் ஷூவைக் கழற்றிவிட்டு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டு குதிகாலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கொப்புளத்துக்குள் நூலை ஓட்டி நீரை வடிப்பது இங்கே நடப்பவர்களிடம் ஒரு பழக்கம். நான் பக்கத்தில் குனிந்து, "நோ லா பின்ச்செஸ்" என்றேன். பையில் வைத்திருந்த பட்டையை அவள் கையில் கொடுத்தேன்.