அப்பாவின் அறையில் ஒலிம்பிக் பந்தாட்டம்

24 யூலை 2024, புதன்

தொலைக்காட்சிக்கு நாள் வாடகை கட்டினேன். கீழே இருக்கும் இயந்திரம் என் வங்கி அட்டையை இரண்டு தரம் திருப்பித் தள்ளிவிட்டு மூன்றாம் தரம்தான் ஏற்றுக்கொண்டது. "தேவையில்லாத செலவு" என்றார் அப்பா. பிறகு கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொன்னார்.

ஆர்ஜென்டீனாவும் மொரோக்கோவும், செந்தெத்தியன் மைதானத்தில். பரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா நாளை மறுநாள்தான், உதைபந்தாட்டம் மட்டும் இன்றைக்கே தொடங்கிவிட்டது. "கொடியேற முதலே தேர் இழுக்கிறாங்கள்" என்றார். சிரித்தேன். சிரித்தபோதே உள்ளே ஏதோ குத்தியது. அவர் சொல்வதில் பிழை இல்லை. இந்தப் பெரிய திருவிழாவில் உதைபந்தாட்டத்தை யாரோ வெளிவீதியில் நிறுத்திவைத்த மாதிரித்தான் இருக்கிறது.

மொரோக்கோ 2-0, ரஹீமி இரண்டையும் போட்டார். பிறகு 2-1. மேலதிகமாகப் பதினாறாவது நிமிடம் ஓடும்போது ஆர்ஜென்டீனா சமன் செய்தது. சனம் மைதானத்துக்குள் பாய்ந்தது, போத்தல்கள் பறந்தன, ஆட்டக்காரர்கள் உள்ளே ஓடினார்கள். ஆட்டம் முடிந்தது, 2-2 என்றுதான் நானும் அப்பாவும் நினைத்தோம். தாதி வந்து இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போனார். நான் பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு ஃபோனைப் பார்த்தால், கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் கழித்து எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீடியோ பார்த்து, ஓஃப்சைட் என்று அந்தக் கோலை இல்லாமல் ஆக்கி, பார்வையாளரே இல்லாத மைதானத்தில் மிச்ச மூன்று நிமிடத்தை ஆடவைத்திருக்கிறார்கள். மொரோக்கோ 2-1.

அப்பாவுக்கு இரவே சொல்லவில்லை. நித்திரை கொள்ளட்டும்.

25 யூலை

சொன்னேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். "முடிஞ்சது எண்டு போனவனைத் திரும்பக் கூப்பிடுறதோ?" என்றார். அவ்வளவுதான்.

26 யூலை, வெள்ளி

விடியவே ரயில் பாதைகளில் நாசவேலை, அதிவேக ரயில்கள் எல்லாம் குழம்பிக் கிடக்கின்றன. மெத்ரோ ரிக்கற் நான்கு யூரோ ஆகி ஒரு கிழமையாகிறது. வேலையால் நேரே ஆஸ்பத்திரி. மாலையில் மழை கொட்டியது. தொடக்க விழாவில், நதியில் படகுகளில் நாடு நாடாக நனைந்துகொண்டு போனார்கள். அப்பா பாதியில் தூங்கிவிட்டார். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுவதையும் பார்த்தேன். நாடுகளின் பெயர்கள் வர வர, இதில் எத்தனை நாடு உலகக் கிண்ணத்தைக் கண்டிருக்கும் என்று எண்ணத் தொடங்கி, இடையில் விட்டுவிட்டேன்.

27 யூலை

தங்கச்சி ரொறன்ரோவிலிருந்து எடுத்தாள். அப்பாவைக் கேட்டாள், செவ்வாய்க்கிழமையைக் கேட்டாள், பிறகு மகளிடம் கொடுத்தாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். "மாமா, ஆறு புள்ளியையும் எடுத்திட்டாங்கள்."

கனடா பெண்கள் அணியின் ஆட்கள் நியூசிலாந்தின் பயிற்சிக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டு வேவு பார்த்திருக்கிறார்கள். பயிற்சியாளருக்கு ஓராண்டுத் தடை, அணிக்கு ஆறு புள்ளி வெட்டு. நியூசிலாந்தை வென்ற மூன்று புள்ளியும் போய், இப்போது கழித்தல் மூன்றில் நிற்கிறார்கள். டோக்கியோவில் தங்கம் வென்ற அணி. பிள்ளைக்குப் பதின்மூன்று வயது, இடது பக்கம் ஆடுகிறாள். "விளையாடினவை ஒண்டும் செய்யேல்லை, மாமா." எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவளுக்கு ஒலிம்பிக்தான் எல்லாமும். அவளிடம் போய் உதைபந்தாட்டத்துக்கு அங்கே இடம் வேண்டுமா என்று எவராவது கேட்பாரா?

28 யூலை, ஞாயிறு

ஒலிம்பிக்கில் உதைபந்தாட்டம் எதற்கு என்று அப்பாவோடு ஒரு மணித்தியாலம் வாக்குவாதம். நாளை மறுநாளுக்குப் பிறகு கொஞ்ச நாள் பேசக்கூடாது என்று சொல்லியிருப்பதாலோ தெரியாது, இன்றைக்கு மனுசன் விடவே இல்லை.

அவர் கட்சி இது: உலகக் கிண்ணம் ஒன்று இருக்கும்போது இது எதற்கு? ஆண்களில் இருபத்துமூன்று வயதுக்கு உட்பட்ட பொடியன்மார், கூட மூன்றே மூன்று பெரியவர்கள். எம்பாப்பே இல்லாத பிரான்ஸ். அவருடைய புதுக் கழகம் விடவில்லை. விட வேண்டிய கட்டாயமும் இல்லை. 2008இல் மெஸ்ஸியை பெய்ஜிங்குக்கு அனுப்ப மாட்டோம் என்று பார்சலோனா விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் வென்றதே. (வென்ற பிறகும் பயிற்சியாளர் குவார்டியோலா போக விட்டார், மெஸ்ஸி தங்கத்தோடு வந்தார் என்று நான் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கவில்லை.) நீச்சல்காரனுக்கும் ஓட்டக்காரனுக்கும் இதுதான் உச்சம், பந்துக்கு உச்சம் வேறெங்கோ இருக்கிறது, உச்சம் இல்லாத இடத்தில் சனத்துக்கு என்ன ஆவல் வரும் என்கிறார்.

நான் கொலொம்ப் மைதானத்தைச் சொன்னேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இப்போது அங்கே ஹொக்கி நடக்கிறது. சரியாக நூறு வருடத்துக்கு முன்னால், 1924இல், அந்த மைதானத்தில்தான் உருகுவே சுவிற்சர்லாந்தை 3-0 என்று வென்று தங்கம் எடுத்தது. 1928இலும் எடுத்தது. அந்த இரண்டையும் பிறகு வென்ற இரண்டு உலகக் கிண்ணத்தோடு சேர்த்துத்தான் இன்றைக்கும் சட்டையில் நான்கு நட்சத்திரம் போடுகிறார்கள். உலகக் கிண்ணமே அதற்குப் பிறகு, 1930இல்தான் வந்தது. ஒலிம்பிக் பெற்ற பிள்ளை அது. இந்தியா நாலாவதாக வந்ததும் 1956இல் மெல்பேர்ணில்தான். உலகக் கிண்ணத்தில் இன்றுவரை ஒரு ஆட்டமும் ஆடவில்லை.

"பிள்ளை வளர்ந்தாப் பிறகு தாய் பேசாமல் இருக்கவேணும்" என்றார்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. நோயாளியோடு கோபிக்கிறேனே என்று வெளியே போய்த் தேத்தண்ணி வாங்கி வந்தேன்.

இரவு: சாம்பியா பெண்கள் 5-2 என்று முன்னால் நின்று அவுஸ்ரேலியாவிடம் 5-6 தோற்றார்கள். பதினொரு கோல்! பிறகு கனடா, பிரான்ஸை தொண்ணூறு தாண்டிப் பன்னிரண்டாவது நிமிடத்தில் 2-1. பிள்ளை குரல்பதிவு அனுப்பியிருக்கிறாள், வெறும் அலறல்தான். இப்போது பூச்சியம். கழித்தலிலிருந்து பூச்சியத்துக்கு வருவதற்கு இவ்வளவு சந்தோசம்.

29 யூலை

நாளைக்கு.

30 யூலை, செவ்வாய்

காலை ஏழரைக்குக் கொண்டுபோனார்கள். ஒன்று நாற்பதுக்குத் திரும்ப வந்தார். கழுத்தில் வெள்ளைக் கட்டு, பக்கத்தால் ஒரு குழாய். வெட்டியெடுத்ததை அனுப்பியிருக்கிறார்கள், அறிக்கை வரப் பத்து, பன்னிரண்டு நாள் ஆகும்.

காத்திருந்த அறையில் எதிரே ஒரு தொலைக்காட்சி. யார் யாரோ எதையோ தூக்கினார்கள், எறிந்தார்கள். ஒன்றும் மனதில் இல்லை. அந்த மூன்று நிமிடம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. யாருமில்லாத மைதானத்தில் பந்தை உதைக்கும் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்.

31 யூலை

குரல் இல்லை. பெரிய கட்டம் போட்ட பள்ளிக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் எழுதியது: "ரிவி காசு கட்டினியோ".

கனடா கொலம்பியாவை 1-0. ஆறு வெட்டியும் காலிறுதி.

1 ஓகஸ்ட்

சமையலறையில் எல்லோர் வாயிலும் நீச்சல்காரர் மார்ஷோன்தான். நேற்று ஒரே இரவில் இரண்டு தங்கம். பந்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அப்பா சொன்னது சரியோ என்று பாத்திரம் கழுவும்போது நினைத்தேன். ஏழு நகரங்களில் பிரித்துப் போட்டுவிட்டார்கள். நீஸில் ஆடுபவனுக்கும் நாந்தில் ஆடுபவனுக்கும் பரிஸின் விழா தொலைக்காட்சியில்தான். தொட்டும் தொடாமலும்.

கூட வேலை செய்யும் மொரோக்கோ நண்பரிடம் நாளைக்கு ஒரு ரிக்கற் மிச்சம் இருக்கிறது. கேட்டார். ஏலாது என்றேன்.

2 ஓகஸ்ட், வெள்ளி

கொப்பியில் பெரிதாக "போ" என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தார். போனேன்.

பார்க் தெ பிரான்ஸ், மொரோக்கோ - அமெரிக்கா. மெத்ரோவிலிருந்து இறங்கியதிலிருந்தே சிவப்பு. எனக்கு முன்வரிசையில் ஒரு பாட்டி, எழுபத்தைந்து வயது இருக்கும், தோளில் கொடி, மடியில் பேரீச்சம்பழம் வைத்த பிளாஸ்ரிக் பெட்டி. பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் நீட்டினார், எனக்கும்தான். மகன் பேரன் எல்லோரும் எழும்பிக் கத்தும்போது அவர் மட்டும் எழும்பவில்லை, கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார். ரஹீமி தண்ட உதை, 1-0. இடைவேளைக்குப் பிறகு இரண்டாவது. எழுபதாவது நிமிடத்தில் ஹக்கீமி பந்தை எடுத்துக்கொண்டு நடுவால் ஓடிப் போய் அடித்தார். தன் சொந்தக் கழகத்தின் மைதானத்தில், தன் நாட்டுச் சட்டையோடு. அப்போதுதான் பாட்டி எழும்பினார். பெட்டி கீழே விழுந்து பழமெல்லாம் படியில் உருண்டது, ஒருவரும் பொறுக்கவில்லை. கடைசியில் 4-0.

ரசிகர்களுக்கு ஆவல் இல்லை என்பவர்கள் அந்தப் படியில் வந்து நிற்கவேண்டும். அரை நாள் கத்தி, என் தொண்டையும் அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் நானும் அப்பாவும் இரண்டு பேரும் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தோம்.

பழம் உருண்டதை எழுதிக் காட்டினேன். நீண்ட நேரம் வாசித்தார்.

3 ஓகஸ்ட்

கனடா தோற்றது. ஜேர்மனியோடு 0-0, தண்ட உதையில் 4-2. ஜேர்மனியின் கோல் காப்பாளர் பெர்கர் இரண்டைத் தடுத்தார், கடைசி உதையையும் தானே வந்து அடித்தார். பிள்ளை ஃபோனை எடுக்கவில்லை.

இரவு இரண்டு மணி. அந்தப் பெர்கரைப் பற்றி வாசித்தேன். தைரொயிட் புற்றுநோய், இரண்டு தரம். 2017, பிறகு 2022. இரண்டு தரமும் திரும்ப வந்து கோலுக்குள் நின்றிருக்கிறார். கழுத்து வடுவின் மேல் பச்சை குத்தியிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

4 ஓகஸ்ட்

அப்பாவுக்குக் காட்டவில்லை. காட்டினால் நான் என்ன நினைக்கிறேன் என்று தெரிந்துவிடும்.

5 ஓகஸ்ட், திங்கள்

மொரோக்கோ ஸ்பெயினிடம் 1-2. நண்பர் வெங்காயம் வெட்டிக்கொண்டே இருந்தார், தேவைக்கு மேலே வெட்டினார்.

பிரான்ஸ் எகிப்தை மேலதிக நேரத்தில் 3-1. இன்றைக்கு முதல் தரமாக எங்கள் தெருவில் ஹோர்ன் சத்தம். எம்பாப்பே இல்லாத பிரான்ஸ்! பயிற்சியாளர் தியெரி ஒன்றியைப் பற்றி அப்பா கொப்பியில்: "ஒன்றி நல்லாப் பழக்கியிருக்கிறான்."

7 ஓகஸ்ட்

குழாயை எடுத்துவிட்டார்கள். அறிக்கை இல்லை.

8 ஓகஸ்ட்

மொரோக்கோ எகிப்தை 6-0. வெண்கலம். உதைபந்தாட்டத்தில் அவர்களின் முதல் ஒலிம்பிக் பதக்கம். ரஹீமிக்கு மொத்தம் எட்டுக் கோல். நண்பர் வேலைக்கு வரவில்லை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பாட்டி எங்கே இருந்து பார்த்திருப்பார்?

கொலொம்பில் இந்தியா ஹொக்கியில் வெண்கலம். பேருந்தில் தலைப்பாகைக்காரர் நாலைந்து பேர் கொடியோடு ஏறினார்கள்.

9 ஓகஸ்ட், வெள்ளி

லீவு எடுத்தேன். இரண்டு ஆட்டம், ஒரே அறை.

மத்தியானம் பெண்கள் வெண்கலம், ஜேர்மனி - ஸ்பெயின். 1-0 என்று ஜேர்மனி முன்னால் நிற்க, தொண்ணூறு தாண்டி, ஆட்டம் முடியக் கிட்ட ஸ்பெயினுக்குத் தண்ட உதை. புத்தெயாஸ் அடிக்க வந்தார். பெர்கர் கோட்டில் நின்றார். நான் என்னை அறியாமல் அப்பாவின் முழங்காலைப் பிடித்திருந்தேன். பிடித்துவிட்டார்! விழுந்து அணைத்துப் பிடித்தே விட்டார்! கிட்டக் காட்டினார்கள். அப்பா கொப்பியை எடுத்தார். "கழுத்தில என்ன?"

எழுதவில்லை, சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு தரம் என்பதையும். கட்டைத் தொட்டுப் பார்த்தார். கேட்டது இது: "எத்தனை வயசு?" முப்பத்துமூன்று என்றேன். தலையாட்டினார்.

ஆறு மணிக்கு இறுதி. பிரான்ஸ் முதலில் அடித்தது. அரை மணித்தியாலம் ஆக முன்னமே ஸ்பெயின் 3-1. பெர்மினுக்கு இரண்டு, பாயெனாவுக்கு ஒன்று. போன மாதம் ஐரோப்பியக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தவர்கள் இரண்டு பேரும். ஓய்வெடுக்காமல் ஏன் வந்தார்கள்? உச்சம் வேறெங்கோ என்றால் ஏன் வந்தார்கள்? இதை அப்பாவிடம் கேட்டேன், கையால் பொறு பொறு என்றார், கண் திரையில். 3-2. தொண்ணூறு தாண்டித் தண்ட உதை, மத்தெத்தா, 3-3. பக்கத்து அறையில் ஒருவர் சுவரில் தட்டினார். தாதிகள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். மேலதிக நேரத்தில், மாற்று ஆட்டக்காரராக வந்த கமெல்லோ இரண்டு போட்டார். ஸ்பெயின் 5-3.

கொப்பியில் அப்பா எழுதியது, அப்படியே:

"நல்ல ஆட்டம். உலகக் கிண்ணம் வேற. ஆனால் நாளைக்கும் காசு கட்டு."

10 ஓகஸ்ட், சனி

கட்டினேன். ஐந்து மணிக்கு அமெரிக்கா - பிரேசில் பெண்கள் இறுதி. பிரேசிலின் மார்த்தாவுக்கு முப்பத்தெட்டு வயது, ஆறாவது ஒலிம்பிக், இன்னும் தங்கம் இல்லை. பிள்ளை அமெரிக்காவுக்கு எதிராகக் கத்தப்போவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறாள். கொப்பி நாளைக்குள் முடிந்துவிடும், புதிது வாங்கவேண்டும்.

மூன்றே முக்கால். வைத்தியர் வருவதாகத் தாதி வந்து சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமையில் எதற்கு