தைப்பிங் மருமகளும் மன்னார்குடிக் காளானும்

மலேசியாவிலிருந்து மன்னார்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு எதெல்லாம் புதிதாக இருந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. பேச்சு ஒன்று, சாமி ஒன்று, சோறும் ஏறக்குறைய ஒன்றுதான். விசா, அப்புறம் கல்யாணத்தைப் பதிந்து இரண்டு வருஷம் ஆன பிறகு இங்கேயே தங்க உதவும் ஓ.சி.ஐ. அட்டை என்று காகித வேலை இழுத்தது. அதைப் பேசி என்ன ஆகப்போகிறது. எனக்குப் பழக நாளெடுத்தது மழை. தீபகற்ப மலேசியாவிலேயே அதிகம் நனைகிற ஊர் என்று எங்கள் தைப்பிங்குக்குப் பெயர். இங்கேயோ தண்ணீர் மேட்டூரிலிருந்து வாய்க்கால் வழியாக வர வேண்டும். ஜூன் 12 அன்று அணை திறப்பார்களா என்பதுதான் குறுவைக்காரர்களின் கவலை. வானத்து மழை ஐப்பசி கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

மழை மாறினால் காளானும் மாறும். அதுதான் என் கஷ்டம். நான் காளான் பொறுக்கி வளர்ந்தவள். பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், செத்த கட்டைகளில் விசிறி விசிறியாகப் பூக்கும் குக்கூர் காளான், எண்ணெய் எடுத்தபின் ஆலைக்காரர்கள் கொட்டும் செம்பனை வெறுங்குலைக் குவியலில் முளைக்கும் மொட்டுக் காளான், இதெல்லாம் எங்கள் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளுக்குத் தண்ணி பட்ட பாடு. இங்கே பால்மரமும் இல்லை, செம்பனையும் கண்ணில் படவில்லை.

என் மாமியார் காளானைப் பார்க்குமுன்பே ஒரு கேள்வி கேட்பார்: "எதுல பூத்துச்சு ஆயி?" புற்றில் என்றால் சரி. வைக்கோல்போரில் என்றால் சரி. வேறு எதைச் சொன்னாலும் கொல்லையோடு நிற்க வேண்டியதுதான். நிறம், மணம் எல்லாம் அவருக்கு அப்புறம்.

இந்த ஒரு கேள்விக்குள் எவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது என்று பிறகு படித்தபோதுதான் புரிந்தது. புற்றுக் காளானைப் பயிர் செய்வது கரையான். சருகையும் கட்டையையும் மென்று கொண்டுபோய்ப் புற்றுக்குள் பாத்தி மாதிரி அடுக்கி, அதில் பூஞ்சையை வளர்க்கிறது. கரையானால் செரிக்க முடியாத மரச்சத்தைப் பூஞ்சை உடைத்துக் கொடுக்கிறது. கரையானுக்கு அதுதான் சாப்பாடு. மழை இறங்கி மண் நெகிழ்ந்ததும் அந்தப் பாத்தியிலிருந்தே காளான் கிளம்பி வருகிறது. வேர் போல நீண்ட தண்டு அடியில் புற்றறை வரைக்கும் போகும். குடையின் நடுவில் கூரான ஒரு முனை இருக்கும், மண்ணைக் குத்திக்கொண்டு வருவதற்கு. டெர்மிட்டோமைசிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். நம்மால் இதை இன்றுவரை காசு பார்க்கிற அளவுக்கு வளர்க்க முடியவில்லை. கரையானுக்கு முடிகிறது! மலேசியாவில் மலாய்க்காரர்களும் புற்றுப் பக்கத்தில் இதே இனத்தைத் தேடுவார்கள் என்பதால் இது ஒன்றில் மட்டும் எனக்கு அந்நியம் தெரியவில்லை.

இங்கே திடலிலும் வாய்க்கால் கரையிலும் உள்ள புற்றுகளுக்கு, ராத்திரி இடி மழை பெய்தால் விடியுமுன் போய்விட வேண்டும். விரிந்து நின்றுவிட்டால் பொழுது சாய்வதற்குள் புழு விழுந்துவிடும். மாமியார் அதைக் கழுவுவதில்லை. கத்தி முனையால் தண்டிலிருக்கும் களிமண்ணைச் சுரண்டிவிட்டு, கையாலேயே நாரோடு நாராகக் கிழிப்பார். நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், மிளகு, சீரகம். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது; அதுவே விடுகிற தண்ணீரில் வெந்து, அது வற்றியதும் இறக்கிவிடுவார். அமாவாசையில் மட்டும் இது எங்கள் வீட்டில் கவிச்சிக் கணக்கு.

போரில் வருவது வைக்கோல் காளான். செம்பனைக் குலையில் நான் பறித்ததும் இதே இனம்தான்: முட்டை மாதிரி மொட்டு, உறை கிழிந்து குடை, அடியில் கிண்ணமாக ஒட்டியிருக்கும் அந்த உறை. ஆனால் போரே இப்போது குறைந்துவிட்டது. அறுவடை இயந்திரம் ஓடியதும் வைக்கோலை உருளையாகச் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். வீட்டு மாடும் குறைந்துபோன தெருவில் மழையில் நனைந்து மட்கப் போர் எங்கே இருக்கும்?

"நான் ஊரில் பார்த்த மாதிரியே இருக்கிறது" என்பதுதான் பொறுக்குகிறவர்களைக் கொல்கிற வாக்கியம். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2011 டிசம்பர் 31 இரவு விருந்தில் காட்டுக் காளான் சாப்பிட்ட இரண்டு பேர் அடுத்த சில நாளில் இறந்துபோனார்கள். அது ஓக் மரத்தோடு வளரும் மரணத் தொப்பி. அதற்கும் அடியில் கிண்ணம் உண்டு. ஆசியாவிலிருந்து போனவர்கள் அதை வைக்கோல் காளான் என்று நினைத்துவிடுவது பல தடவை நடந்திருக்கிறது. அந்த விஷம் வேகவைத்தாலும் போகாது. பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தி பேதி வரும்; உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். வெள்ளித் தட்டு கறுக்குமா, பூண்டு நிறம் மாறுமா, பூச்சி தின்கிறதா என்ற சோதனைகள் எதுவும் உதவாது. குடையைக் கவிழ்த்துக் காகிதத்தில் வைத்தால் ராத்திரியோடு தூள் படியும்: வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு, மரணத் தொப்பிக்கு வெள்ளை. நம் பக்கத்துப் புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையாக நிற்கும் ஒன்று பச்சைத் தூள் விடும். வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். மாமியார் புல்லில் பூத்ததைத் தொடவிடாதது சும்மா இல்லை. தூள் நிறம் ஒத்துப்போனால் மட்டும் சமைத்துவிடலாம் என்றும் இல்லை. ஊரில் பழகிய கண் ஒன்று பக்கத்தில் வேண்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மாமரம் ஒன்று கொல்லை ஓரம் அப்படியே கிடந்தது. அடுத்த மழையில் பார்க்கிறேன், கட்டை முழுக்கக் குக்கூர்! சாம்பல் ரோமம், நகத்தளவு விசிறி, அடியில் ஒவ்வொரு செதிலும் நெடுக இரண்டாகப் பிளந்திருக்கும். காய்ந்தால் சுருட்டிக்கொள்ளும், மழை பட்டால் திரும்ப விரியும். தேங்காய்ப்பால், மஞ்சள், ஊசிமிளகாய் போட்டுச் சமைத்தேன். "மரத்துல பூத்ததையெல்லாமா திம்பாங்க?" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமனார் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார், ரப்பர் மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே.