இம்ப்ரெஷனை நம்பி ஏலக்காய் விற்காதீர்கள்

போடியிலும் கம்பத்திலும் ஏலக்காய், மிளகு, காப்பித்தூள் என்று பாக்கெட் போட்டு இன்ஸ்டாகிராமில் விற்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். விளம்பரம் பார்த்துக்கொடுக்கும் ஏஜென்சி அனுப்புகிற ரிப்போர்ட்டில் முதல் வரியிலேயே இம்ப்ரெஷன் ஐம்பதாயிரம் என்று இருக்கும். விளம்பரம் எத்தனை தடவை திரையில் வந்தது என்பதுதான் இம்ப்ரெஷன். ஒரே ஆளுக்குப் பத்துத் தடவை வந்தாலும் பத்து. எத்தனை பேருக்கு வந்தது என்பது ரீச். சரி, காய் விற்றதா?

அதைக் கேளுங்கள். "எட்டு எம்.எம். காய் கிலோ என்ன விலை?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறவர் லீட். அவர் பணம் போட்டுவிட்டால் கன்வெர்ஷன். 5,000 ரூபாய் விளம்பரத்துக்குப் போட்டு 20 பேர் புதிதாக வாங்கினார்கள் என்று வையுங்கள், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 250 ரூபாய் ஆகியிருக்கிறது, இதைத்தான் சி.ஏ.சி. என்கிறார்கள். கூரியர் எல்லாம் போக ஒரு பாக்கெட்டில் உங்களுக்கு நிற்பது 100 ரூபாய் என்றால் முதல் விற்பனையில் ஆளுக்கு 150 கையைக் கடிக்கும். அதற்காகப் பயந்து விளம்பரத்தை நிறுத்திவிட வேண்டியதில்லை, அதே ஆள் மாதாமாதம் வாங்கினால் மூன்றாவது பாக்கெட்டில் விட்டதைப் பிடித்துவிடலாம். ஒருவர் உங்களிடம் வாங்குகிற காலம் முழுக்கத் தரும் லாபம் எல்.டி.வி. அது சி.ஏ.சி.யைவிடக் குறைவாகவே இருந்தால்தான் ஆபத்து.

யார், எப்போது, எவ்வளவு வாங்கினார், திரும்ப வந்தாரா என்று எழுதி வைப்பதுதான் சி.ஆர்.எம். நூறு இருநூறு வாடிக்கையாளர் வரைக்கும் கூகுள் ஷீட் போதும், மாதச் சந்தா கட்டி சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம்.

அப்புறம் கூகுள் விளம்பரம். போடியிலும் இடுக்கிப் பக்கம் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்) மையங்களில் நடக்கும் மின்னணு ஏலத்தில் காய்க்கு விலை கேட்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். யாராவது ஒன்றைத் தேடும்போது கூகுளும் கண்ணிமைக்கும் நேரத்தில் விளம்பர இடத்துக்கு ஏலம் விடுகிறது. ஆனால் அங்கே அதிகம் கேட்டவருக்கே இடம் என்று கிடையாது. தேடியதற்கு விளம்பரம் பொருந்துகிறதா, கிளிக் செய்தால் போகிற பக்கம் உருப்படியாக இருக்கிறதா என்றும் பார்க்கும். குறைந்த காசு வைத்திருக்கிற நமக்கு இதில்தான் வழி இருக்கிறது. எட்டு எம்.எம். பச்சை ஏலக்காய் தேடி வந்தவரை முகப்புப் பக்கத்தில் இறக்கிவிட்டு அலையவிடாதீர்கள். அந்தக் காயின் படம், எடை, விலை, கூரியர் செலவு எல்லாம் அவர் வந்து நிற்கிற பக்கத்திலேயே தெரியட்டும்.