பத்தடி வால்நட் பலகையும் மரம் வெட்டும் கணினி ரூட்டரும்

டொராண்டோவுக்கு வெளியே, மூன்று பேர் மட்டும் இருக்கும் ஒரு மரப்பட்டறையில் வேலை பார்க்கிறேன். போன வருடம் முதலாளி ஷேப்பர் ஒரிஜின் என்ற மரம் வெட்டும் கருவியை வாங்கினார். அமெரிக்க டாலரில் ஏறத்தாழ 3,000. இவ்வளவு காசு இதற்குத் தேவையா என்று அன்றைக்கே அவரிடம் கேட்டேன்.

பார்க்க ரூட்டர்தான் (சுழலும் பிட், அதாவது வெட்டும் முனையால், மரத்தில் குழி எடுக்கும் கைமெஷின்), மேலே ஒரு திரை இருக்கும். டோமினோ கட்டை மாதிரி கறுப்பு வெள்ளைப் புள்ளி அச்சடித்த டேப்பை முதலில் ஒட்ட வேண்டும். கேமரா அதைப் படித்து, தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். திரையில் தெரியும் கோட்டோடு நாம் தள்ளிக்கொண்டே போவோம். கை சற்று விலகினாலும் உள்ளே இருக்கும் மோட்டார்கள் பிட்டை நகர்த்திக் கோட்டிலேயே வைக்கும். ரொம்ப விலகினால் பிட் தானாக மேலே ஏறிவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் கட்டுரையாக வெளியிட்ட யோசனை இது.

எனக்கு நம்பிக்கை வந்தது ஒரு சாப்பாட்டு மேசையில். பத்தடி நீள வால்நட் பலகை, நடுவில் ஓடிய விரிசல். விரிசல் மேலும் பிளக்காமல் இருக்க, பட்டாம்பூச்சி வடிவத்தில் மேப்பிள் கட்டைகளைக் குறுக்கே பதிக்க வேண்டும். அவ்வளவு பெரிய பலகையை ஏற்றும் சிஎன்சி மெஷின் (கணினி சொல்கிறபடி தானே வெட்டுவது) எங்களிடம் இல்லை. இதுவோ பலகை மேலேயே போய் உட்கார்ந்தது. முதல் தடவை குழி இறுக்கமாக இருந்தது. ஆஃப்செட்டை, அதாவது கோட்டிலிருந்து வெட்டு தள்ளி நிற்கும் தூரத்தை, 0.1 மி.மீ. மாற்றி இன்னொரு சுற்று ஓட்டினேன். ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டியதும் கட்டை உள்ளே இறங்கிய அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் மூலைகளை உளியால்தான் எடுத்தேன். உருண்டை பிட்டுக்குக் கூர்மூலை வராது.

அப்புறம் ஒரு ஓக் பலகையைக் கெடுத்தேன். டேப்பைப் பெஞ்சில் ஒட்டியிருந்தேன்; பலகையை இறுக்கிப் பிடிக்கப் போட்ட கிளாம்ப் தளர்ந்து, பலகை இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது. திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது, வெட்டு மட்டும் கோணல். எங்கள் பட்டறையின் மூத்த தச்சர் வந்து பார்த்தார். "அதுக்கு டேப்தான் தெரியும், தம்பி. மரம் நகர்ந்தது அதுக்கு எப்படித் தெரியும்? முடிஞ்சா டேப்ப மரத்து மேலயே ஒட்டு," என்றார். மரம் சின்னதாக இருந்தால் அதற்கு இடம் இருக்காது. அப்போது கிளாம்பை இரண்டு தடவை சோதித்துப் பார்க்கிறேன்.

ஒரே வடிவத்தை நாற்பது தடவை வெட்ட இது தோது இல்லை. பெரிய ரூட்டர் போல ஒரே மூச்சில் ஆழமாக வெட்டாது. சுற்றுச் சுற்றாகத்தான் இறங்கும். டேப்பும் கரைந்துகொண்டே போகும். அதனால் இப்போது இதை வைத்து பிளைவுட்டில் ஒரே ஒரு டெம்ப்ளேட், அதாவது மாதிரி அச்சு, வெட்டிக்கொள்கிறேன். மீதியை, அந்த அச்சின் விளிம்பை ஒட்டியே உருளும் பேரிங் பிட் போட்ட சாதா ரூட்டர் பார்த்துக்கொள்ளும்.

தனியாகத் தொழில் தொடங்குகிறவர் என்னிடம் கேட்டால், முதலில் நல்ல டேபிள் சாவும் (மேசை ரம்பம்) உளிகளும் வாங்கச் சொல்வேன். மரத்தில் மரம் பதிக்கும் வேலை, பொருத்திய இடத்திலேயே கீல் குழி எடுப்பது, பழைய மேசை நாற்காலி பழுதுபார்ப்பது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வரும் பட்டறை என்றால் தயங்காமல் வாங்கலாம். எங்களுக்கு வருவது அந்த மாதிரி வேலைதான். முதலாளியிடம் அன்று கேட்ட கேள்வியை இப்போது நான் கேட்பதில்லை.