தையலும் எம்பிராய்டரியும் ஒரே மெஷினிலா, தனித்தனியாகவா?

பிளவுஸ் கழுத்துக்கும் கைக்கும் வீட்டிலேயே எம்பிராய்டரி போட ஆசைப்பட்டு விசாரித்தால், எல்லோரும் முதலில் சொல்வது காம்போ மெஷினைத்தான். இடம் மிச்சம், ஒரே மெஷினில் இரண்டு வேலையும் முடியும் என்பார்கள். வாங்கும் முன் சித்தியின் காம்போவைக் கொஞ்ச நாள் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். அதன் ஹூப், அதாவது எம்பிராய்டரிக்குத் துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம், 100×100 மி.மீ., கிட்டத்தட்ட நாலு அங்குலம்.

சட்டைப் பையில் பெயர், கர்ச்சீப் மூலையில் பூ, முந்தியில் மாங்காய் புட்டா எல்லாம் அழகாக வந்தன. பிளவுஸ் கைக்கு பார்டர் போடும்போதுதான் சிரமம். துணியை விரித்தால் 12 அங்குலம் இருக்கும். மூன்று முறை ஹூப்பைக் கழற்றி மாட்ட வேண்டும். முந்தைய டிசைன் முடிந்த இடத்தில் சாக்கால் குறி போட்டு, கட்டம் போட்ட பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் வைத்துச் சரிபார்த்தால் கொடி விட்டுப்போகாமல் சேரும். சேர்ந்துவிட்டால் அவ்வளவு சந்தோஷம்! ஆனால் ஒவ்வொரு பிளவுஸுக்கும் இந்தப் பாடு படமுடியாது.

அடுத்தது நேரம். நிமிடத்துக்கு 400 தையல் என்றால், 10,000 தையல் உள்ள டிசைனுக்கு 25 நிமிடம். ஒற்றை ஊசி என்பதால் நிறத்துக்கு நிறம் நூல் மாற்றும் நேரம் தனி. அதுவரை அந்த மெஷினில் லைனிங்கூடத் தைக்க முடியாது. எம்பிராய்டரி முடிந்து தையலுக்குத் திரும்பினால் ஹூப்பை நகர்த்தும் எம்பிராய்டரி யூனிட்டைக் கழற்று, ஃபுட்டை மாற்று, ஊசி, பாபின் நூல் என்று வரிசையாக வேலை இருக்கிறது.

என்னிடம் நன்றாக ஓடும் தையல் மெஷின் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியிருக்க, தையலுக்கு இன்னொரு முறை ஏன் பணம் போட வேண்டும்? அதே பணத்தைப் பெரிய ஹூப்பில் போடலாம் என்று முடிவு செய்தேன். பின்கழுத்தைப் பேப்பரில் வெட்டி ஷோரூமுக்குக் கொண்டுபோய், ஹூப்பின் மேலேயே வைத்துப் பார்த்தேன். உஷா ஜனோம் மெமரி கிராஃப்ட் 450இ-யின் 200×280 மி.மீ. ஹூப்பில் முழுக் கழுத்தும் அடங்கியது. வேகம் நிமிடத்துக்கு 860 தையல் வரை போகும். தைக்காது, எம்பிராய்டரி மட்டும்தான். அதையே வாங்கினேன்.

இப்போது அது கழுத்து டிசைனைப் போட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் நான் கையையும் லைனிங்கையும் தைக்கிறேன். மேலே 40 நம்பர் பாலியெஸ்டர் நூல், பாபினில் அதைவிட மெல்லிய நூல், 75/11 ஊசி. பட்டில் ஹூப் தடம் விழும். அதனால் துணி சுருங்காமல் தாங்க அடியில் வைக்கும் ஸ்டெபிலைசரை மட்டும் ஹூப்பில் மாட்டி, பட்டை அதன்மேல் விரித்துச் சுற்றிலும் ஓட்டுத் தையல் போட்டுவிடுகிறேன். எம்பிராய்டரி துணியைக் கொஞ்சம் இழுக்கும் என்பதால், வேலை முடிந்த பிறகுதான் பிளவுஸை வெட்டுவது. டிசைன் ஃபைல் ஜனோம் மெஷினுக்கு ஜெஃப் (JEF) வகை, பிரதர் கம்பெனி மெஷினுக்கு பெஸ் (PES) வகை. இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்டிச் மென்பொருளில் இரண்டு வகையிலும் சேமிக்கலாம்.

வீட்டில் மெஷினே இல்லை, ஒரு மேசைக்குத்தான் இடம், போடப்போவதும் சின்ன டிசைன்தான் என்றால் தாராளமாகக் காம்போ வாங்கலாம். பெரிய ஹூப் உள்ள காம்போவும் உண்டு, ஆனால் விலை எகிறிவிடுகிறது.

அடுத்து ஜரிகை நூல். அது சீக்கிரம் அறுந்துபோகும் என்பதால் 90/14 ஊசி போட்டு, வேகத்தை 400-க்கு இறக்கி, முதலில் ஒரு கைத்துண்டில் ஓட்டிப் பார்க்கப்போகிறேன்.