அரைக் கிலோ அல்வாவுக்கு ஒரு ஃபாரம்

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் அரைக் கிலோ திருநெல்வேலி அல்வா திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. பெட்டியைப் பிரிக்கவில்லை. நெய் மட்டும் தன் போக்கில் அட்டையின் ஒரு மூலையை நனைத்திருக்கிறது. கூடவே இரண்டு வரிக் கடிதம்: உங்கள் அன்புக்கு நன்றி, ஒப்பந்தப் புதுப்பிப்பு நடந்துகொண்டிருப்பதால் இதை ஏற்க இயலவில்லை.

அனுப்பியவர் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். லீவு முடிந்து கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் டவுனுக்குப் போய், கீழ ரதவீதியில் இருட்டுக்கடை வரிசையில் நின்று வாங்கி, திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்வரை மடியில் வைத்துக் காத்த பெட்டி அது. ஊரில் கொடுத்த பலகாரம் இப்படித் திரும்பினால் அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோச்சு என்று அர்த்தம். இங்கேயோ கடிதம் எழுதின அதிகாரி மறுநாள் மீட்டிங்கில் சிரித்த முகமாகக் கைகொடுக்கிறார். அதுதான் இன்னும் குழப்பம். 'அல்வா குடுத்துட்டான்' என்று தமிழ்நாடே நம்மைக் கேலி பேசினபோது சிரித்துக்கொண்டிருந்தோம். நிஜமாகவே ஒரு கம்பெனி அல்வாவைச் சந்தேகப்படும் என்று யார் நினைத்தது?

அல்வாவில் பிழையில்லை. விலையிலும் இல்லை, சின்ன அன்பளிப்பை ஒரு தொகைவரை பல கம்பெனிகள் அனுமதிக்கத்தான் செய்கின்றன, தொகைதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாங்க வேண்டியவர் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். விலைப்புள்ளிகள் அவர் மேசையில் கிடக்கிற வாரம் அது. பெட்டியின் மேல் பிரிவின் பெயர் இல்லை, அவர் பெயர் மட்டும் இருந்தது. பிசகு இந்த மூன்றில்தான். இதே பெட்டி, ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் கழித்து 'கொள்முதல் பிரிவு நண்பர்களுக்கு' என்று போயிருந்தால், பிற்பகல் நாலு மணிக்கு பேன்ட்ரி மேசையில் பிளாஸ்டிக் கத்தியோடு திறந்து கிடந்திருக்கும். (அல்வாவுக்குக் கத்தி வைக்கிற கொடுமையைத் தனியாக எழுத வேண்டும்.)

இங்கே லஞ்ச ஒழிப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டுடையது. அதைப் பார்த்துக்கொள்ளும் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு அதற்கும் முந்தையது, 1952. தாசில்தார் ஆபீசுக்கும் ஆர்டிஓ ஆபீசுக்கும் மட்டும்தான் லஞ்சம் என்ற சொல் பொருந்தும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு முதல் அதிர்ச்சி, தனியார் கம்பெனி ஆளுக்குக் கொடுப்பதும் வாங்குவதும் அதே சட்டத்தில் அதே குற்றம். 1,00,000 வெள்ளிவரை (சிங்கப்பூர் டாலரைத்தான் இங்கே வெள்ளி என்பார்கள்) அபராதம், 5 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நம்ம ஊரை மனதில் வைத்தே எழுதினதுபோல இருக்கும்: இந்தத் தொழிலில் இப்படிக் கொடுப்பது வழக்கம்தான் என்று சாட்சி சொன்னால் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளாது. நம்ம பேச்சில் லஞ்சத்துக்கு என்ன பேர்? மாமூல். மாமூல் என்றாலே வழக்கம்தானே.

ஊரில் டீக்காசு என்பதை இங்கே காப்பிக்காசு என்பார்கள், 'கோப்பி' என்று இழுத்து. சிறிய தொகைக்கு யார் கேட்கப் போகிறார்கள் என்பவர்களுக்கு 2018இல் வந்த ஒரு வழக்கைச் சொல்லலாம். கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய இரண்டு தொழிலாளர்கள், லாரிகளைக் காக்கவைக்காமல் இருக்கப் பெரும்பாலும் ஒரு வெள்ளி, ஒரு வெள்ளியாக வாங்கியதற்காகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். மேல்தட்டிலும் கதை இதுதான். 2024 அக்டோபரில் முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரனுக்கு 12 மாதச் சிறை விதிக்கப்பட்டது. வழக்கில் இருந்தவை டிக்கெட்டுகள், விஸ்கி, ஒரு பிராம்டன் சைக்கிள் இப்படி. அலுவல் தொடர்புடைய ஆளிடமிருந்து மதிப்புள்ள பொருளை வாங்கினாலே போதும், பதிலுக்கு என்ன செய்து கொடுத்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்ற பிரிவு அது. அரசுப் பணியில் உள்ளவர்களுக்கானது. கம்பெனி விதிகளும் அந்த வாசனையோடுதான் எழுதப்படுகின்றன.

சரி, அந்த ஃபாரத்துக்கு வருவோம். திரும்பி வந்த பெட்டிக்கும் ஃபாரம் உண்டு. கொடுத்ததை எழுத வேண்டும், வாங்கினதை எழுத வேண்டும், வாங்காமல் திருப்பினதையும் எழுத வேண்டும். இதற்குப் பெயர் பரிசுப் பதிவேடு. தேதி, கொடுத்தவர், அவர் கம்பெனி, பொருள், உத்தேச மதிப்பு, என்ன சந்தர்ப்பம், இரு தரப்புக்கும் நடுவே நடப்பில் டெண்டரோ ஒப்பந்தமோ உண்டா, பொருளை என்ன செய்தது, யார் ஒப்புதல். இவ்வளவுதான்.

இந்தப் பத்திகளைப் பார்த்ததும் நம்மாளுக்கு எங்கேயோ பார்த்த ஞாபகம் வர வேண்டும். கல்யாண மண்டப வாசலில் ஒரு மேசை, சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு, நீளவாக்கில் ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மூலைகளில் மஞ்சள். ஊர், பெயர், தொகை. ரூ. 501, ரூ. 1001. எழுதுகிறவர் எப்போதும் கணக்கில் கெட்டியான ஒரு சித்தப்பா. காலையில் உட்கார்ந்தவர் பந்தி முடிகிறவரை எழுந்திருக்க மாட்டார், சாப்பாட்டை இலை போட்டு அங்கேயே கொண்டுவரச் சொல்வார். பத்து வருஷம் கழித்து அந்த வீட்டில் காதுகுத்து என்றால் டிரங்குப் பெட்டியிலிருந்து நோட்டு வெளியே வரும். அவுக அன்னைக்கு 501 செஞ்சிருக்காக, நாம 1001 செய்வோம். குறைத்துச் செய்துவிட்டால் மதினிமார் வாயில் மூன்று தலைமுறைக்கு விழ வேண்டும்.

மொய் நோட்டு எழுதுவது திருப்பிச் செய்வதற்கு. பரிசுப் பதிவேடு எழுதுவது, திருப்பி எதுவும் செய்யவில்லை என்று காட்டுவதற்கு. பத்திகள் ஒன்றேதான். அதனால்தான் நம்மவர்கள் இந்த ஃபாரத்தை நிரப்பும்போது கை தப்பான பக்கம் போகிறது.

உதாரணமாக, மதிப்பு. 'அன்பாக் குடுத்ததுக்கு விலை போடுறதாய்யா' என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவார்கள், அல்லது பூஜ்யம் போடுவார்கள். பூஜ்யம் போட்டால் மறைக்கிறார் என்றுதான் தணிக்கையாளர் எடுத்துக்கொள்வார். கடை விலையை வெள்ளியில் மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது. அடுத்தது, ஒரு கிலோவை இரண்டு அரைக் கிலோவாகப் பிரித்து ஒன்றை அவர் பேருக்கும் ஒன்றை அவர் வீட்டம்மா பேருக்கும் கொடுப்பது. நமக்கு அது மரியாதை, வீட்டுக்கும் சேர்த்துச் செய்த செய்முறை. பதிவேட்டைக் கொடுத்தவர் பெயர்வாரியாக அடுக்கிப் பார்க்கிறவர் கண்ணுக்கு வரம்பைத் தாண்டாமல் உடைத்த தொகை. மூன்றாவது, தாமதம். வாங்கின நாலைந்து நாளுக்குள் எழுதினால் அது பதிவு. தணிக்கைக் கடிதம் வந்தபிறகு எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலம். ஒப்புதல் கையெழுத்தை அந்த அல்வாவில் பங்கு தின்ற மேலாளரிடமே வாங்குவதும் கூடாது, இன்னொரு படி மேலே போக வேண்டும்.

பணம் மட்டும் எந்த வரம்புக்குள்ளும் வராது, எவ்வளவு சிறிதானாலும் கூடாது. சீனப் புத்தாண்டுக்கு விற்பனையாளர் சிவப்பு உறையில் பணம் வைத்து நீட்டும் அங் பாவ், கடைப் பற்றுச்சீட்டு, கிஃப்ட் கார்டு, ஒற்றை ரூபாய் ஒட்டின நம்ம மொய்க்கவர், எல்லாம் பணம்தான். அங் பாவை முகத்துக்கு நேரே மறுப்பது அவர்களுக்கும் சங்கடம். அதனால் வாங்கி, அன்றே மேலாளரிடம் கொடுத்து எழுதிவைக்கிற ஏற்பாட்டைச் சில கம்பெனிகள் வைத்திருக்கின்றன. ஜோடி ஆரஞ்சுப் பழம் தாராளமாக வாங்கலாம். சீனர்களின் மூன்கேக் பலகாரக் காலத்தில் பெட்டி பெட்டியாக வந்து பேன்ட்ரியில் அடுக்கியிருப்பதைப் பார்த்தால், இந்த அவஸ்தை நமக்கு மட்டும் இல்லை என்று ஓர் ஆறுதல்.

ஒரு வருஷத்தில் இதெல்லாம் பழகிவிடும் என்று பழையவர்கள் சொல்வார்கள். பழகத்தான் செய்கிறது, ஜனவரியில் வரும் ஆண்டு உறுதிமொழிப் படிவத்தில் 'உறவினர் விவரம்' என்ற பக்கம் திறக்கிறவரைக்கும். கம்பெனியிலோ அதற்குச் சரக்கு கொடுக்கும் இடத்திலோ உங்கள் உறவினர் இருக்கிறாரா? அண்ணன் தம்பி, பெற்றோர், மனைவி மக்கள் சரி. அதற்குமேல் ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் மச்சினன், அத்தான், கொழுந்தன், சகலை எல்லாரையும் அடைத்து வைத்திருக்கிறார்கள். சகலையும் கொழுந்தனும் ஒன்றா? சித்தி மகள் கட்டிக்கொண்ட வீட்டுப் பையன் உறவா இல்லையா? நம்ம ஊரில் இரண்டு பேர் பத்து நிமிஷம் பேசினால் ஏதாவது ஒரு வழியில் மாமன் மச்சான் ஆகிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் எழுதிவிடுவதுதான் வழி. எழுதினதற்காக யாரையும் வேலையைவிட்டு அனுப்புவதில்லை, அந்தக் கோப்பை மட்டும் வேறொருவர் கையில் கொடுப்பார்கள். எழுதாமல் விட்டது பிறகு தெரியவந்தால்தான் கதை வேறு.

ஊர்க்காரனை வேலைக்குச் சொல்வதும் தப்பில்லை. சொல்லும்போதே 'இவர் எனக்கு இன்ன முறை' என்று எழுத வேண்டும். நேர்காணல் குழுவில் நாம் உட்காரக் கூடாது. கேள்விகளை முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. நினைத்துப் பார்த்தால் இந்த ஊரில் நம் வேர் பிடித்ததே ஊர்க்காரனை ஊர்க்காரன் இழுத்துவிட்டுத்தான். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள் தஞ்சோங் பகார் பக்கம் கூடி வாழ்ந்து, 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கி, பிள்ளைகள் தமிழ் படிக்க உமறுப் புலவர் பெயரில் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். அந்தப் பெரியவர்களிடம், உறவை எழுதித் தரச் சொல்லும் இந்த 'நலமுரண் படிவம்' என்று நீட்டியிருந்தால், "ஏலே, முதல்ல சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டிருப்பார்கள்.

ஊர்ப்பாசம் எந்த இடத்தில் கெட்டுப்போகும் என்றால், காசு கைமாறும் இடத்தில். வேலை போட்டுக் கொடுப்பதற்கோ தொடர்ந்து வைத்துக்கொள்வதற்கோ வெளிநாட்டுத் தொழிலாளியிடம் முதலாளி பணம் வாங்குவது இங்கே தனிக் குற்றம். உரிமம் பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணம், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், உச்சமாக இரண்டு மாதச் சம்பளம். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து லட்சங்களில் கொடுத்துவிட்டு வருகிற பையன்களுக்கு இந்தக் கணக்கை யாரும் ஊரில் சொல்வதில்லை. அதேபோல அனுபவச் சான்று. அண்ணாச்சி கம்பெனி லெட்டர்பேடில் இரண்டு வருஷம் கூட்டி எழுதித் தந்தால் அது உதவி என்பது ஊர் நினைப்பு. வேலை அனுமதி விண்ணப்பத்தில் அது பொய்த் தகவல்: 20,000 வெள்ளிவரை அபராதம், 2 ஆண்டுவரை சிறை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், தெரிந்தவர் கடையில் கல்லாவில் நின்று கொடுப்பதும் வேண்டாம். அனுமதி ஒரு முதலாளிக்குத்தான்.

பேச்சிலும் ஒன்று இருக்கிறது, இதை நாசூக்காகச் சொல்ல முடியாது. புதிதாக வந்த தமிழ்ப் பையனிடம் "எந்த ஊரு?" என்பார்கள். பாளையங்கோட்டை என்பான். "பாளையங்கோட்டையில எங்க? எந்தத் தெரு?" திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த யாருக்கும் இரண்டாவது கேள்வி எதைத் தேடுகிறது என்று தெரியும்: சாதியை. கையில் என்ன நிறக் கயிறு என்று பார்த்துப் பழகின கண்ணுக்கு அலுவலகத்தில் கயிறு கிடைக்காது, அதனால் தெருவைக் கேட்கிறது. பாரபட்சம் பற்றிய பயிற்சியில் இதைச் சொல்லித் தரமாட்டார்கள், நடத்துகிறவருக்கு அந்தக் கேள்வி வெறும் முகவரியாகத்தான் கேட்கும். நாம்தான் நிறுத்த வேண்டும். பையன் பதில் சொல்லாமல் சிரித்து மழுப்பினால் விட்டுவிட வேண்டும்.

புகார் விஷயம் சுருக்கமாக. 'போட்டுக் கொடுக்கிறது' என்ற சொல்லோடு வளர்ந்தவர்களுக்குப் புகார் எண்ணைச் சுழற்ற விரல் வராது. சுழற்றுவதானால் தேதி, தொகை, ரசீது எண், பார்த்தது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். ஆவணங்களை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், வாட்சப்பில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். அதுவே தனி மீறலாகிவிடும்.

அந்த அல்வா என்னாயிற்று என்றால், ராத்திரி வாடகை அறையில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கையாலேயே பிய்த்துத் தின்று தீர்த்தார்கள். அதற்குள் லேசாக இறுகியிருந்தது. கோயில் வாசலில் நின்றபடி இலைத் துண்டில் சுடச்சுட நூறு கிராம் வாங்கி, விரலிடுக்கில் நெய் இறங்கத் தின்கிற பேச்சு வந்தது. அங்கிருந்து சந்திப்பிள்ளையார் முக்கு, ஆற்றுப்பாலம், குறுக்குத்துறைப் படித்துறை என்று பேச்சு இறங்கித் தாமிரபரணி ஆற்றுக்கே போய்விட்டது. மறுநாள் காலை பதிவேட்டில் 'பொருளை என்ன செய்தது' என்ற கட்டத்தில் 'அனுப்பியவரே உண்டார்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை மேலாளர் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஒப்பந்தம் முடிவான பிறகு ஒரு நாள் காப்பி நேரத்தில் அந்தக் கொள்முதல் அதிகாரியே கேட்டாராம், அது என்ன இனிப்பு, இங்கே எங்கே கிடைக்கும், காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று. தேக்காவில் கிடைக்கும் என்று நம்மாள் கடையின் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுதிக் கொடுத்துவிட்டு மனசு கேட்காமல், "ஆனா தண்ணி வேற" என்றிருக்கிறார். என்ன தண்ணீர் என்று அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது.