பத்து விநாடிக்கு இரண்டு முறை

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். கேழ்வரகும் புளியும் விளைகிற மேட்டு நிலம். நான் முதன்முதலில் ஏறியது ஒகேனக்கல் பரிசலில்தான். அங்கிருந்து வந்தவன் இன்றைக்குச் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறேன்.

காலையிலும் மாலையிலும் நான்கு முதல் எட்டு வரை எனக்கு வாட்ச், அதாவது காவல் முறை. கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் நின்று, கடலைக் கண்காணிக்கும் லுக்அவுட் பார்க்க வேண்டும். இருட்டில் சென்னையை நெருங்கும்போது, அடிவானத்துக்குக் கீழிருந்து ஒரு வெளிச்சம் மேலே வீசிவிட்டு மறையும். பூமியின் வளைவு விளக்கை இன்னும் மறைத்திருக்கும், ஒளி மட்டும் வானத்தில் படும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளக்கே முளைத்து வரும். மெரினா கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் 28 கடல் மைல் எட்டும், ஏறக்குறைய 52 கிலோமீட்டர்.

ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை வைத்துத்தான் எந்த ஊர் விளக்கு என்று தெரியும். சென்னைக்குப் பத்து விநாடியில் இரண்டு மின்னல். எண்ணிப் பார்த்து ஆபீசரிடம் சொல்வேன். ஜிபிஎஸ்ஸும் ரேடாரும் அதற்கு முன்பே இடத்தைச் சொல்லியிருக்கும். ஆனாலும் கண்ணால் எண்ணி முடித்தால்தான் எனக்கு ஊர் வந்த மாதிரி.

பள்ளியில் தமிழ் ஐயா ஒருநாள் கலங்கரை விளக்கம் என்ற பெயருக்கு அர்த்தம் சொன்னார்: "காக்கா கரையுதுன்னா கூப்பிடுதுன்னு அர்த்தம். கலத்தைக் கூப்பிடற விளக்குடா அது." சென்னையில் இந்தக் கூப்பிடும் வேலை 1796-இல் கோட்டைக்குள் தொடங்கியது. 1894 முதல் உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் எரிந்த விளக்கு, 1977 ஜனவரியில்தான் மெரினாவுக்கு வந்தது.

அந்த விளக்கு கூப்பிட்டும் நான் போக முடியாத நாட்கள் உண்டு. 2020 ஏப்ரல் தொடக்கம், ஊரடங்கு. ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்திருந்தது. சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றோம். யாரும் இறங்கக் கூடாது. நான்கு நாள் மாலை வாட்சிலும் அதே இரண்டு மின்னல். போனில் சிக்னல் கிடைத்தது.

"சென்னைக்கு வந்துட்டேன்ப்பா."

"அப்ப நாளைக்குக் காலைல வந்துருவ?"

இங்கிருந்து வீடு முந்நூறு கிலோமீட்டர்தான். ராத்திரி பஸ் பிடித்தால் கிருஷ்ணகிரி மலை தெரியும்போது விடிந்துவிடும். அவர் கேட்டதில் தப்பே இல்லை. பதில் சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை. அப்புறம் துறைமுகத்தில் சரக்கை இறக்கிவிட்டு அப்படியே திரும்பினோம். செப்டம்பரில் கொச்சியில் இறங்கி, சேலம் வழியாக, தொப்பூர் கணவாய் ஏறி வீடு சேர்ந்தேன்.

நிலைமை சரியான பிறகு, ஒரு விடுமுறையில் அப்பாவையும் அம்மாவையும் சென்னைக்குக் கூட்டிப்போனேன். அப்பா கடலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. லிஃப்டில் கலங்கரை விளக்கத்தின் மேலே போனோம். தூரத்தில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களைக் காட்டி, "அங்கதான் நின்னோம்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ரொம்ப நேரம் பார்த்தார்.

இருட்டியதும் மணலில் உட்கார்ந்தோம். அம்மா சுண்டல் வாங்கி வந்தார். அப்பா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, விளக்கையே பார்த்து விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு அடிக்குது, அப்புறம் நின்னுருது" என்றார். கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "நாலு நாளும் இதத்தான் பாத்துட்டு இருந்தியா?"